தொண்ணூற்றொன்பது

மண்டூர்த் துறையில் பாதை இன்னும் வரவில்லை.
ஸ்கூட்டி சீற்றில் வைத்துப் படிவங்களை எண்ணுகிறேன்.
இருநூற்றுப் பதினாறு.
ஒன்றுக்கு நூற்றைம்பது ரூபா.
பெற்றோல் என் கணக்கு.

தரம் எட்டுப் பிள்ளைகள். இருபது வசனங்கள்.
ஒவ்வொன்றுக்கும் நேரே ஐந்து முகங்கள்,
அழுவதில் தொடங்கிச் சிரிப்பதில் முடியும்.
கொழும்பில் யாரோ வரைந்தது,
ஒன்றுக்கும் மூக்கில்லை.

"நான் வலுவூட்டப்பட்டதாக உணர்கிறேன்."
வாகரைப் பக்கம் ஒரு பெடியன் எழும்பிக் கேட்டான்:
"கரண்ட்டயா மிஸ் சொல்றீங்க?
எங்கட வீட்டுக்கு இன்னும் வரல்ல."
அவனே முதற்பக்கத்தில்
தமிழ், முஸ்லிம், சிங்களம் மூன்றையும் தாண்டி
'வேறு' என்ற பெட்டியில் அழுத்திச் சரி போட்டிருந்தான்.
"வேடர் எண்டு இதில இல்லையே."

"நான் பெறுமதியானவர் என நினைக்கிறேன்."
அக்கரைப்பற்றில் அப்ரித் கையை உயர்த்தினான்:
"எவ்வளவு?"
வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன்.
மறுகா அட்டாளைச்சேனை தாண்டுகையில்
ஹெல்மெட்டுக்குள் அந்தக் கேள்வி
வெக்கையோடு சுற்றிக்கொண்டிருந்தது.
பட்டம் பெற்று ஆறு வருடம்.
நியமனம் வரும் என்கிறார்கள்.
எவ்வளவு?

அதே வகுப்பில் ஷஸ்னா
எல்லா வரியிலும் இரண்டு முகத்தைச் சுற்றியிருந்தாள்.
ஓரத்தில் பொடி எழுத்தில் குறிப்பு:
'சிரிக்கிறது பள்ளிக்கூடத்துக்கு.
மற்றது வீட்டுக்கு.'
ஒன்றைத்தான் தெரியலாம் என்றேன்.
"எதில இரிக்கிற என்னட்டக் கேக்கிறீங்க?" என்றாள்.

உகணையில் மொழிபெயர்ப்பாளரோடு போனேன்.
நெத்மி மூன்று நிமிடம் பேசினாள்,
கையை ஆட்டி, யன்னலைக் காட்டி,
ஒருமுறை தொண்டை கம்மி.
அவர் திரும்பிச் சொன்னார்:
"பரவாயில்லையாம்."
நான்காவது முகம்.

இன்று காலை இங்கே, படுவான்கரையில்.
இரவு யானை தள்ளிய மதில்
கல்லுக்கல்லாய் மைதானத்தில் கிடந்தது.
ஆசிரியர் கடைசி வாங்குக்குப் பின்னால்
அடிமட்டத்தோடு நின்றார்.
இருபத்தெட்டுப் பேர். இருபத்தெட்டுப் பேரும்
எல்லாவற்றுக்கும் ஐந்தாம் முகம்.
இவ்வளவு சந்தோசமான வகுப்பை
மாவட்டத்தில் எங்கும் நான் காணவில்லை.

அவருக்குத் தொலைபேசி வந்தது. வெளியே போனார்.
கிதுஷன் பக்கத்தில் இருந்தவளிடம்
அழிறப்பர் வாங்கினான்.
ஒன்பதாம் வசனம்:
"நான் பேசினால் மற்றவர்கள் கேட்கிறார்கள்."
ஐந்தை அழித்தான். ஊதினான்.
இரண்டாவது முகத்தைச் சுற்றி வட்டம் போட்டான்,
அவசரமில்லாமல், வடிவான வட்டம்.
செருப்புச் சத்தம் கேட்டது.
திரும்பவும் அழித்தான்.
தாள் கிழிந்தது.

நிமிர்ந்து என்னைப் பார்த்தான்.
பயமில்லை அந்தப் பார்வையில்.
நான் கண்டேனா இல்லையா,
அதை மட்டும் அறிய விரும்பியதுபோல்.
நான் மணிக்கூட்டைப் பார்த்தேன்.
பத்து நாற்பது.

இப்போது டெப்லெட்டில் ஏற்றவேண்டும்.
ஒன்று முதல் ஐந்து வரை இலக்கம் இருக்கிறது.
ஓட்டைக்கு இல்லை.
மேற்பார்வையாளருக்கு எடுத்துக் கேட்டேன்.
"தொண்ணூற்றொன்பது அடிங்க தங்கச்சி.
பதில் இல்லை எண்டு அர்த்தம்.
பின்னேரம் ஐந்துக்கு முதல் அனுப்புங்க."

பாதை வந்து தட்டிவிட்டது.
ஒரு உழவு இயந்திரம், இரண்டு மோட்டார்சைக்கிள்,
மீன்பெட்டி கட்டிய சைக்கிள் ஏறுகின்றன.
பாதைக்காரர் கையைக் காட்டுகிறார்.

ஒன்பது போட்டேன். இன்னுமொரு ஒன்பது போடவேண்டும்.
விரல் கண்ணாடிக்கு மேலே நிற்கிறது.

பதில் இருந்தது, ஐயா.
இரண்டு தரம் இருந்தது.